கண்மட்டம்

வரைவு விதி பன்னிரண்டு, உட்பிரிவு இ:
'பொது இடத்தில் நிற்கும் ஒருவரின் கண்மட்டத்திலிருந்து
மலைமதில் முறியாமல் தெரிதல் வேண்டும்.'
கண்மட்டம் எவ்வளவு என்று
ஓரத்தில் யாரோ குறித்திருந்தார்கள்:
ஒன்றரை மீட்டர்.

யாருடைய கண் என்று எழுதவில்லை.

சித்திரை. பத்தரைக்கே
அகழித் தண்ணீர் தகரமாய்க் கூசுகிறது.
கோட்டை பஸ் நிறுத்தத்துத் தூணருகே
தஸ்தகீர் முக்காலியை விரித்து நட்டார்.
குனிந்து பார்த்தேன்:
தெரு, விளம்பரப் பலகை, மருந்துக்கடை,
ஒரு காலி மனை.
அதற்கு அப்பால்
கொதிக்கும் பாறைகளைக் கட்டிக்கொண்டு
உச்சிவழி ஓடும் மதில்.

காலி மனைக்குத்தான் கோப்பு.
ஏழு மாடி விடுதி.
மனைக்காரர் தேவராஜுலு பொய் சொல்லவில்லை:
"கல்கத்தாவிலேர்ந்து வராங்கம்மா.
மூணு மாசம் வைத்தியம்.
ரூம் கெடைக்காம ஆஸ்பத்திரி வாசல்லயே படுக்கறாங்க.
மலையப் பாத்தா வியாதி போயிடுமா?"

என்னிடம் பதில் இல்லை.
அவருடைய வரைபடத்தில்
ஏழாம் மாடி, கிழக்கு அறைகளுக்கு நேரே
பென்சிலில் ஒரு குறிப்பு:
மலை தெரியும், நாளுக்கு முந்நூறு கூடுதல்.

நின்ற கண்ணுக்கு ஏழாம் மாடி
கைப்பிடிச் சுவரோடு சேர்த்து
அரையடியில் தப்பித்தது.
கையெழுத்துப் போட்டிருக்கலாம்.
கருவியைக் கழற்றும்போது
காலடியிலிருந்து கெங்கம்மா சொன்னாள்:
"இன்னாம்மா, கத்திரிக்காய மறைச்சிக்கினு நிக்கிற?"

இலவம்பாடி முள்ளுக் கத்திரி.
ஊதாவில் வெயில் வழுக்கியது.

பஸ்ஸுக்கு நிற்பவர்கள் ஏழெட்டு நிமிடம் நிற்கிறார்கள்,
அதிலும் போனைப் பார்த்தபடி.
விடியற்காலை ஆறு மணியிலிருந்து
அங்கேயே கிடப்பது அவள்.
மதிலுக்குமேல் மேகம் கறுத்தால்
தார்ப்பாயை உதறுவதும் அவள்தான்.

டேப்பை அவள் நெற்றியிலிருந்து தரைக்கு விட்டேன்.
எழுபத்திரண்டு சென்டிமீட்டர்.
"முக்காலி அவ்ளோ எறங்காதும்மா," என்றார் தஸ்தகீர்.
கத்திரிக்காய்ப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து
அதன்மேல் கருவியை வைத்தோம்.
நான் சாக்கு விரித்து மண்டியிட்டேன்.

அங்கிருந்து ஊர் வேறாக இருந்தது.
பஸ் சக்கரமே ஒரு மாடி.
முழங்கால்கள் ஒரு தோப்பு.
தோப்பின் இடுக்கில்,
ஏழாம் மாடி வரப்போகிற இடத்தில்,
மதில் இரண்டாக முறிந்தது.

ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு,
மரம் இல்லாத மலை என்று
வெளியூர்க்காரர்கள் எங்களைச் சிரிப்பார்கள்.
சிரிக்கட்டும்.
மரம் இல்லாததால்தான்
அந்த மலையின் எலும்பெல்லாம் எனக்குத் தெரியும்.
அவர்கள் கேலியில் இன்னொரு வரி சேர
என் கையெழுத்து எதற்கு?

ஆனால் ஒரு மாடி என்பது பதினான்கு அறை.
இரவு அதுதான் தூங்கவிடவில்லை.
பின்பக்கத்து வண்டி நிறுத்தத்தைச் சுருக்கி,
மாடிப்படியை ஓரம் தள்ளி,
தாள்மேல் தாள் வைத்து வரைந்ததில்
ஒன்பது அறை திரும்ப வந்தது.
ஐந்து வரவில்லை.
அந்த ஐந்து குடும்பமும் இன்றிரவு
எங்கே பாய் விரிக்கும் என்பதற்கு
எந்த உட்பிரிவும் இல்லை.

காலையில் ஒன்றரையை அடித்துவிட்டு
0.72 என்று எழுதினேன்.
'நிற்கும்' என்ற சொல்லையும் அடித்தேன்.
'உட்கார்ந்திருக்கும்' என்று தொடங்கி,
நீளமாக இருந்ததால் பாதியை வெட்டினேன்:
பொது இடத்தில் இருக்கும் ஒருவரின்.

இருக்கும். அது போதும்.

கோப்பு மாடியேறிப் போயிருக்கிறது.
வியாழக்கிழமை குழு கூடுகிறது.
தேவராஜுலுவும் வருவார்,
அந்த ஐந்து அறையைக் கேட்பார்.

சாயங்காலம் கெங்கம்மாவிடம்
அரைக்கிலோ வாங்கினேன்,
கூடைக்கு முன்னால் நிற்காமல்,
சற்றே ஒதுங்கி.